தொலைநிலைக் கற்றலில் தொடக்கப்பள்ளியின் துணை: சூளகிரி எல்லைப்பகுதியை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

பெருந்தொற்றுக் காலத்தில் தமிழ்நாட்டின் தொடக்கப்பள்ளிகள் ஏறத்தாழ 19 மாதங்கள் மூடப்பட்டிருந்தன. அக்காலத்தில் பாடநூல், தொலைக்காட்சி, திறன்பேசி ஆகியவற்றின் வழியே பாடம் வீடுகளைச் சென்றடைந்தது. ஆயினும் குழந்தையின் விடை ஆசிரியரிடம் திரும்பி வருவதற்கான வழி பல வீடுகளில் அமையவில்லை. வீட்டிலிருந்து கற்கும் குழந்தைக்குத் தொடக்கப்பள்ளி அளிக்கும் துணையை, அனுப்பப்பட்ட பாடத்தின் அளவைக் கொண்டு அளவிடுவதினும் திரும்பிவந்த மறுமொழியின் அளவைக் கொண்டு அளவிடுவதே பொருத்தம் என்பது இக்கட்டுரையின் கருத்தாகும். கிருஷ்ணகிரி மாவட்டம் சூளகிரிப் பகுதியின் பன்மொழிச் சூழலும் தொழிற்சாலைப் பணிமுறையும் இக்கருத்தை விளக்குவதற்குரிய களமாகக் கொள்ளப்படுகின்றன. கல்வித் தொலைக்காட்சி, இல்லம் தேடிக் கல்வி, எண்ணும் எழுத்தும் ஆகிய அரசுத் திட்டங்களும், நன்னூல் கூறும் கற்றல் மரபும், பிறநாட்டு ஆய்வு முடிவுகளும் இதனோடு இணைத்து நோக்கப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: தொலைநிலைக் கற்றல், தொடக்கக் கல்வி, சூளகிரி, இல்லம் தேடிக் கல்வி, வீட்டுமொழி, நன்னூல், மறுமொழி.

முன்னுரை

2020 மார்ச் நடுப்பகுதியில் மூடப்பட்ட தமிழ்நாட்டுத் தொடக்கப்பள்ளிகள் 2021 நவம்பர் 1 அன்று மீண்டும் திறக்கப்பட்டன. இக்கால இடைவெளியின் பொருளை ஒரு குழந்தையின் வகுப்பு நிலையைக் கொண்டு எளிதில் உணரலாம். 2019 ஜூனில் முதல் வகுப்பில் சேர்ந்த குழந்தை, அவ்வகுப்பையே முழுமையாக முடிக்காத நிலையில், மீண்டும் பள்ளிக்கு வந்தபோது மூன்றாம் வகுப்பு மாணவராக இருந்தது. 2020இல் சேர்ந்த குழந்தை முதல் வகுப்பின் அறையையே காணாமல் இரண்டாம் வகுப்பில் அமர்ந்தது. எழுத்தை அறிமுகம் செய்யும் ஆண்டு, எழுத்தைக் கூட்டிச் சொல்லாக்கும் ஆண்டு, சொல்லைப் படித்துப் பொருள் கொள்ளும் ஆண்டு என அடுத்தடுத்து அமைந்த படிகளில் ஒன்றோ இரண்டோ இக்குழந்தைகளுக்கு வீட்டிலேயே கழிந்தன.

உயர்வகுப்பு மாணவர் ஒருவர் பாடநூலைத் தாமே படிக்க இயலும். காணொலியை நிறுத்தி மீண்டும் கேட்க இயலும். ஐயத்தைக் குறித்து வைத்துப் பின்னர் வினவவும் இயலும். படிக்கக் கற்றுக்கொண்டிருக்கும் ஆறு வயதுக் குழந்தையால் இவை இயலா. ஆகவே தொலைநிலைக் கற்றல் குறித்த பொதுவான கோட்பாடுகளைத் தொடக்கக் கல்விக்கு அப்படியே பொருத்துதல் தகாது. இக்குழந்தைக்குப் பள்ளி எவ்வாறு துணைநிற்கிறது, அத்துணை எவ்விடத்தில் பயன் தருகிறது, எவ்விடத்தில் தளர்கிறது என்பவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சூளகிரி: நிலமும் தொழிலும் மொழியும்

கிருஷ்ணகிரி மாவட்டம் 2004 பிப்ரவரியில் தருமபுரி மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டு உருவானது. அதன் பத்து ஊராட்சி ஒன்றியங்களுள் சூளகிரியும் ஒன்று. கிருஷ்ணகிரிக்கும் ஓசூருக்கும் இடையே தேசிய நெடுஞ்சாலையை ஒட்டி அமைந்துள்ள இவ்வூர் கொத்தமல்லித் தழைக்கும் காய்கறிகளுக்கும் பெயர்பெற்றது. பேரிகை வழியாக வடக்கே சென்றால் கர்நாடகத்தின் மாலூர் வட்டமும் அதற்கப்பால் கோலாரும் வருகின்றன. மேற்கே, 1970களில் சிப்காட் வளாகம் தொடங்கப்பட்ட பின்னர் வாகன உற்பத்தி, உதிரிபாகத் தொழில்களால் வளர்ந்த ஓசூர் உள்ளது. உழவும் தொழிற்சாலையும் ஒரே குடும்பத்திற்குள் கலந்து நிற்பது இப்பகுதியின் இயல்பாகும்.

இப்பகுதியின் வீடுகளில் தமிழோடு தெலுங்கும் கன்னடமும் உருதும் பேசப்படுகின்றன. தொழிற்சாலைப் பணிகளுக்காக வடமாநிலங்களிலிருந்து வந்து குடியேறிய குடும்பங்களின் மொழிகளும் இவற்றோடு சேர்ந்துள்ளன. கொள்வினை கொடுப்பினையும் சந்தைத் தொடர்பும் எல்லையைக் கடந்து நிகழ்வதால், குழந்தை பள்ளிக்கு வரும்போதே இரண்டு மொழிகளின் ஒலிகளைக் காதில் கொண்டுவருகிறது. பள்ளி நேரத்தில் ஆசிரியரும் உடன்பயிலும் குழந்தைகளும் தமிழை நாள்தோறும் வழங்குவதால் வீட்டுமொழிக்கும் பாடமொழிக்கும் இடையிலான இடைவெளி படிப்படியாகக் குறைகிறது. பள்ளி மூடப்பட்டபோது அவ்வழக்கு நின்றது. தெலுங்கு பேசும் வீட்டில் வளரும் குழந்தைக்கு 19 மாதம் என்பது பாட இழப்பு மட்டுமன்று. பாடமொழியைப் பேசிப் பழகும் சூழலின் இழப்புமாகும்.

மொழிச்சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்க நிலையில் தாய்மொழிவழிக் கல்விக்கான வசதிகள் அளிக்கப்பட வேண்டும் என்பதை அரசமைப்பின் 350அ பிரிவு வலியுறுத்துகிறது. 2006ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டம் முதல் வகுப்பு தொடங்கிப் படிப்படியாகத் தமிழைக் கட்டாயப் பாடமாக்கியது. இவ்விரண்டும் சந்திக்கும் இடங்களுள் ஒன்று இவ்வெல்லைப்பகுதியாகும். இங்குள்ள தொடக்கப்பள்ளி ஆசிரியர், சட்டம் சொல்லும் மொழிக்கும் வீடு பேசும் மொழிக்கும் இடையே நாள்தோறும் வழி காண்பவராக உள்ளார்.

வீட்டிற்குச் சென்ற பாடம்

பெருந்தொற்றுக் காலத்தில் பாடம் வீட்டிற்குச் செல்ல மூன்று வழிகள் இருந்தன. முதலாவது பாடநூல். விலையில்லாப் பாடநூல்கள் பள்ளிகள் மூடியிருந்த காலத்திலும் வழங்கப்பட்டன. 2018–19 முதல் வெளிவந்த புதிய பாடநூல்களில் விரைவுத் துலங்கல் குறியீடுகள் அச்சிடப்பட்டிருந்தமையால், திறன்பேசி உள்ள வீடுகளில் நூலிலிருந்தே காணொலிக்குச் செல்ல இயன்றது. மதிய உணவிற்கு மாற்றாக அரிசியும் பருப்பும் முட்டையும் வழங்கப்பட்டமை பள்ளிக்கும் வீட்டிற்கும் இடையிலான தொடர்பு முற்றிலும் அறுந்துவிடாமல் காத்தது.

இரண்டாவது கல்வித் தொலைக்காட்சி. 2019 ஆகஸ்ட் 26 அன்று தொடங்கப்பட்ட இவ்வலைவரிசை, 2020 ஜூலை முதல் பள்ளிப் பாடங்களை முறையாக ஒளிபரப்பும் பணியை மேற்கொண்டது. இணையமும் திறன்பேசியும் இல்லாத வீடுகளையும் எட்ட இயன்றமை இதன் பெருஞ்சிறப்பு. மூன்றாவது திறன்பேசி. ஆசிரியர்கள் புலனக் குழுக்களை அமைத்துப் பணித்தாள்களையும் குரற்பதிவுகளையும் அனுப்பினர். இளங்குழந்தைகளின் திரைநேரத்தைக் கருத்திற்கொண்டு, 2020 ஜூலையில் நடுவண் கல்வித்துறை வெளியிட்ட வழிகாட்டுதல்கள் ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்கு நாளொன்றுக்கு 30 முதல் 45 நிமிடங்கள் கொண்ட இரண்டு அமர்வுகளுக்கு மேற்படாதவாறு இணையவழி வகுப்புகளை வரையறுத்தன.

இவ்வழிகளின் எல்லையைப் புள்ளிவிவரங்கள் காட்டுகின்றன. 2021ஆம் ஆண்டின் அசர் ஆய்வின்படி, இந்தியாவில் கணக்கெடுக்கப்பட்ட குழந்தைகளுள் 67.6 விழுக்காட்டினரின் வீடுகளில் திறன்பேசி இருந்தது. 2018இல் இவ்வளவு 36.5 விழுக்காடாகவே இருந்தது. எனினும் திறன்பேசி உள்ள வீடுகளிலும் 26.1 விழுக்காட்டுக் குழந்தைகளுக்கு அது படிப்பிற்குக் கிடைக்கவே இல்லை. 2021 ஆகஸ்டில் தமிழ்நாடு உள்ளிட்ட 15 மாநிலங்கள், ஒன்றியப் பகுதிகளில் வறிய குடும்பங்களிடையே நடத்தப்பட்ட ஸ்கூல் ஆய்வு, ஊரகக் குழந்தைகளுள் 8 விழுக்காட்டினரே தொடர்ச்சியாக இணையவழியில் படித்தனர் என்றும் 37 விழுக்காட்டினர் அறவே படிக்கவில்லை என்றும் கண்டறிந்தது.

வீட்டில் பேசி இருத்தலும் அது குழந்தையின் கையில் இருத்தலும் வேறு வேறானவை. தொழிற்சாலையில் மாற்றுமுறைப் பணி செய்யும் தந்தையின் பேசி அவரோடு பணியிடத்திற்குச் செல்கிறது. காலைப் பணி, மாலைப் பணி, இரவுப் பணி என வாரந்தோறும் முறை மாறும் வீட்டில் குழந்தை எந்நேரத்தில் பாடம் காணும் என்பதை ஆசிரியரால் முன்கூட்டி வகுக்க இயலாது. தோட்ட வேலைக்குச் செல்லும் தாயின் பொழுது விடியுமுன்னே தொடங்கிவிடுகிறது. மூத்த குழந்தைகளுக்கு இணையவழி வகுப்பு இருக்கும் வீட்டில் ஒரே பேசியை முதலில் பெறுபவர் மூத்தவரே. தொடக்கப்பள்ளிக் குழந்தையின் முறை இறுதியில் வருகிறது, அல்லது வராமலே போகிறது.

தொலைவு என்பது யாது?

தொலைநிலைக் கல்விக் கோட்பாட்டாளர் மைக்கேல் மூர், கற்பவருக்கும் கற்பிப்பவருக்கும் இடையிலான தொலைவை நில அளவாகக் கொள்ளவில்லை. உரையாடல், பாடத்தின் கட்டமைப்பு, கற்பவரின் தன்னாட்சி ஆகிய மூன்றும் சேர்ந்து அத்தொலைவை உருவாக்குகின்றன என்பது 1970களில் தொடங்கி 1993இல் அவர் விரிவாக அமைத்த கோட்பாட்டின் சாரமாகும். உரையாடல் குறைந்து கட்டமைப்பு இறுகும்போது தொலைவு கூடுகிறது. அத்தொலைவைக் கடக்கக் கற்பவரிடம் தன்னாட்சி மிகுதியாக வேண்டப்படுகிறது. தொலைக்காட்சிப் பாடம் கட்டமைப்பில் இறுக்கமானது. உரையாடலுக்கு அதில் இடமில்லை. தன்னாட்சி மிகக் குறைந்த ஆறு வயதுக் குழந்தைக்கு அது கற்றலின் மிகத் தொலைவான வடிவமாக அமைந்துவிடுகிறது.

இக்கருத்து தமிழ் மரபிற்குப் புதிதன்று. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பாயிரப் பகுதி, நூல் பயிலும் இயல்பை வகுத்துரைக்கிறது. கேட்டவற்றைச் சிந்தித்தல், தகுதியுடையோரோடு பயிலுதல், வினவுதல், பிறர் வினவியதற்கு விடையளித்தல் ஆகியவை மாணவரின் கடன்களாக அதில் சுட்டப்படுகின்றன. ஆசிரியர் உரைத்ததை நன்கு ஏற்றுக்கொண்டாலும் புலமையின் காற்பங்கே கைவரும். உடன்பயில்வோரோடு பழகுவதால் இன்னொரு காற்பங்கும், பிறருக்கு எடுத்துரைப்பதால் எஞ்சிய அரைப்பங்கும் நிறையும் என்பது அதன் கணக்காகும். அந்நூல் சீயகங்கன் வேண்ட இயற்றப்பட்டது என்பதும், கங்கர் மரபின் பழைய தலைநகராகிய குவளாலபுரமே சூளகிரிக்கு வடக்கே எல்லைக்கப்பால் உள்ள இன்றைய கோலார் என்பதும் இங்கு நினைவுகூரத்தக்கவை.

நன்னூல் இலக்கணம் பயிலும் முதிர்ந்த மாணவரைக் கருதிக் கூறியதை எழுத்தறியும் குழந்தைக்கு அப்படியே ஏற்றிச் சொல்வதில் எச்சரிக்கை வேண்டும். எனினும் அக்கணக்கின் அமைப்பு பயனுடையது. தொலைக்காட்சியும் காணொலியும் மிகச் சிறப்பாக அமைந்தாலும் முதற் காற்பங்கை மட்டுமே தர வல்லவை. உடன்பயில்வோரும் எடுத்துரைக்கும் வாய்ப்பும் இல்லாதபோது முக்காற்பங்கு வெற்றிடமாகிறது. முதிர்ந்த மாணவருக்கே இவ்வாறெனின், வாய்விட்டுச் சொல்லியும் தவறாக எழுதித் திருத்தப்பட்டுமே கற்கும் குழந்தைக்கு இவ்வெற்றிடம் மேலும் பெரிதாகும். ஆகவே பள்ளியின் துணை என்பது இம்முக்காற்பங்கை வீட்டிலும் குடியிருப்பிலும் எவ்வாறு நிரப்புவது என்னும் வினாவாகிறது.

மறுமொழி திரும்பும் வழி

இவ்வினாவிற்கு ஆப்பிரிக்க நாடாகிய போட்சுவானாவில் 2020இல் நடத்தப்பட்ட ஆய்வு ஒன்று தெளிவான விடை தருகிறது. நோவாம் ஆங்ரிஸ்ட், பீட்டர் பெர்க்மன், மொய்ட்செப்பி மட்செங் ஆகியோர் ஏறத்தாழ 4,500 குடும்பங்களைக் கொண்டு இதனை மேற்கொண்டனர். ஒரு பிரிவினருக்கு வாரந்தோறும் கணக்குகள் குறுஞ்செய்தியாக மட்டும் அனுப்பப்பட்டன. இன்னொரு பிரிவினருக்குக் குறுஞ்செய்தியோடு, ஆசிரியர் ஒருவர் வாரம் ஒருமுறை தொலைபேசியில் அழைத்துப் பெற்றோருடனும் குழந்தையுடனும் 15 முதல் 20 நிமிடங்கள் கணக்கைச் சேர்ந்து செய்தார். இரண்டாம் பிரிவுக் குழந்தைகளின் கற்றல் 0.12 திட்டவிலக்க அளவு உயர்ந்தது. குறுஞ்செய்தி மட்டும் பெற்றவர்களிடம் குறிப்பிடத்தக்க மாற்றம் காணப்படவில்லை. இரு பிரிவினரையும் வேறுபடுத்தியது குழந்தையின் விடையைக் கேட்ட ஒரு குரலே.

இம்முறைக்குத் திறன்பேசியோ இணையமோ வேண்டியதில்லை. சிறு தொடக்கப்பள்ளி ஒன்றில் இது இயலுமா என்பதை எளிய கணக்கால் அறியலாம். கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி 60 குழந்தைகள் வரை உள்ள தொடக்கப்பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள் உண்டு. குழந்தை ஒன்றுக்கு வாரத்தில் 10 நிமிட அழைப்பு எனக் கொண்டால் மொத்தம் 600 நிமிடங்கள், அதாவது 10 மணி நேரம் தேவைப்படும். ஓர் ஆசிரியருக்கு வாரத்தில் 5 மணி நேரம்; ஐந்து பணிநாள்களில் நாளொன்றுக்கு ஒரு மணி நேரம். பெற்றோரின் பணிமுறையைப் பள்ளி முன்னரே குறித்து வைத்திருப்பின், அவர்கள் வீட்டிலிருக்கும் வேளையில் அவ்வழைப்பை அமைக்கலாம். இக்கணக்கு ஆசிரியரின் பிற பணிகளைக் குறைத்தால்தான் நடைமுறைக்கு வரும் என்பதும் உடன் சொல்லத்தக்கது.

வீட்டுமொழி: தடையும் பாலமும்

சூளகிரி போன்ற பகுதியில் மறுமொழியின் தேவை இருமடங்காகிறது. குழந்தையின் தவறு பல வேளைகளில் அதன் வீட்டுமொழியிலிருந்து பிறப்பதே இதற்குக் காரணம். தமிழில் ககர எழுத்து ஒன்றே. அது ‘கல்’ என்பதில் ஒருவகையாகவும் ‘தங்கம்’ என்பதில் மெல்லினத்தை அடுத்து வேறுவகையாகவும் ‘பகல்’ என்பதில் இன்னொரு வகையாகவும் ஒலிக்கிறது. தெலுங்கிலும் கன்னடத்திலும் ஒலிப்பில்லாத ககரமும் ஒலிப்புள்ள ககரமும் பொருளை வேறுபடுத்தும் தனித்தனி ஒலிகள். அவற்றிற்குத் தனித்தனி எழுத்துகளும் உள்ளன. இவ்வேறுபாட்டிற்குப் பழகிய காதுடைய குழந்தை, ஒரே எழுத்து ஏன் வேறு வேறாக ஒலிக்கிறது எனத் தயங்குவது இயல்பு. அத்தயக்கத்தை எதிரில் அமர்ந்த ஆசிரியர் நொடியில் உணர்வார். ஒளிபரப்பில் பாடம் நடத்துபவருக்கு அதனை அறியும் வாய்ப்பு இல்லை.

அதே வீட்டுமொழி பாலமாகவும் அமையக்கூடும். தமிழில் மொழிமுதலில் வரும் பகரம் கன்னடத்தில் பல சொற்களில் ஹகரமாக ஒலிக்கிறது: பால் – ஹாலு, பூ – ஹூவு, புலி – ஹுலி, பத்து – ஹத்து. இந்த ஒழுங்கை விளையாட்டாகச் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர், கன்னட வீட்டுக் குழந்தைக்குப் பல தமிழ்ச் சொற்களை ஒரே நாளில் உரிமையாக்கிவிடுகிறார். தெலுங்கின் பாலு, புலி ஆகியவை தமிழ்ச் சொற்களுக்கு மிக அண்மையிலேயே நிற்கின்றன. திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் பல்கலைக்கழகப் பாடமாக மட்டும் நின்றுவிடாமல், எல்லையோரத் தொடக்கப்பள்ளியின் முதல் வகுப்பிலும் பயன்படத்தக்க கருவி என்பதற்கு இது சான்றாகும்.

தொலைநிலைக் கற்றலில் இப்பாலத்தைப் பயன்படுத்துவது எளிதே. தமிழ் எழுத்தறியாப் பாட்டி தம் மொழியில் ஒரு கதையைச் சொல்லலாம். குழந்தை அதனை மறுநாள் அழைப்பில் ஆசிரியருக்குத் தமிழில் திருப்பிச் சொல்லலாம். இதில் பாட்டி கற்பிப்பவராகிறார், குழந்தை நன்னூல் சொல்லும் எடுத்துரைப்பவராகிறது, ஆசிரியர் கேட்பவராகிறார். பணித்தாளின் குறிப்புகளைப் படிக்கத் தெரியாததால் தம்மால் உதவ இயலாது எனக் கருதும் பெற்றோருக்கும் இம்முறையில் இடமுண்டு.

குடியிருப்பின் திண்ணை

வீட்டிற்கும் பள்ளிக்கும் இடையே மூன்றாவது இடமாகக் குடியிருப்பு உள்ளது. எல்லைக்கப்பால் கர்நாடக அரசு 2020 ஆகஸ்டில் வித்யாகம என்னும் திட்டத்தைத் தொடங்கியது. ஆசிரியர்கள் ஊர்களுக்குச் சென்று, மரத்தடியிலும் கோயில் வளாகத்திலும் சமுதாயக் கூடத்திலும் சிறு குழுக்களாகக் குழந்தைகளைக் கூட்டிக் கற்பித்தனர். தொற்று குறித்த அச்சம் எழுந்தமையால் அக்டோபரில் அது நிறுத்திவைக்கப்பட்டது. பாடம் வீட்டிற்குச் செல்வதோடு அமையாது, கற்பிப்பவரே குடியிருப்பிற்குச் செல்ல வேண்டும் என்னும் உணர்வை அது வெளிப்படுத்தியது.

தமிழ்நாட்டில் இவ்வுணர்வு 2021 அக்டோபர் 27 அன்று விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில் தொடங்கப்பட்ட இல்லம் தேடிக் கல்வித் திட்டமாக உருப்பெற்றது. முதற்கட்டமாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட 12 மாவட்டங்களுள் கிருஷ்ணகிரியும் ஒன்று. ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புக் குழந்தைகளுக்கு, ஏறத்தாழ 20 பேருக்கு ஒரு தன்னார்வலர் என்னும் முறையில், மாலை 5 மணி முதல் 7 மணிக்குள் ஒன்று முதல் ஒன்றரை மணி நேரம் கற்பித்தல் நிகழ்ந்தது. தன்னார்வலருக்கு மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை வழங்கப்பட்டது. பெரும்பான்மையான தன்னார்வலர்கள் அந்தந்த ஊர்ப் பெண்களே.

சூளகிரிப் பகுதிக்கு இவ்வமைப்பு மூன்று வகையில் பொருந்துகிறது. முதலாவது, அதே குடியிருப்பைச் சேர்ந்த பெண் அக்குழந்தைகளின் வீட்டுமொழியையும் அறிந்திருக்க வாய்ப்பு மிகுதி. தமிழ் எழுத்தைக் காட்டித் தெலுங்கில் விளக்க அவரால் இயலும். இரண்டாவது, பணியிலிருந்து திரும்பும் பெற்றோர் மாலை வேளையில் மையத்தைக் கண்ணால் காண்கின்றனர். மூன்றாவது, பாதுகாப்பு. குளிர்காலத்தை ஒட்டிப் பன்னார்கட்டா வனப்பகுதியிலிருந்து யானைக்கூட்டங்கள் சானமாவு காடு வரை வருவது இப்பகுதியின் ஆண்டு நிகழ்வு. இருட்டும் வேளையில் குழந்தை அடுத்த ஊருக்கு நடந்து செல்ல வேண்டிய கல்வி இங்குக் கல்வியாகாது. தன் தெருவின் திண்ணையிலேயே அது கிடைத்தல் வேண்டும்.

திண்ணை என்பது இங்கு உவமையன்று. திண்ணைப் பள்ளியில் மூத்த மாணவராகிய சட்டாம்பிள்ளை இளையோருக்குக் கற்பித்த முறை தமிழகம் நன்கறிந்தது. ஆசிரியர் குறைந்து மாணவர் மிகுந்த சூழலில் மாணவரே மாணவருக்குக் கற்பிக்கும் முறையைச் சென்னையில் ஆதரவற்ற சிறுவர் காப்பகப் பள்ளியில் செயற்படுத்திய ஆண்ட்ரூ பெல், 1797இல் அதனை இலண்டனில் நூலாக வெளியிட்டார். அது சென்னை முறை எனப் பெயர்பெற்றது. குடியிருப்பு மையத்தில் ஐந்தாம் வகுப்புக் குழந்தை முதல் வகுப்புக் குழந்தைக்கு எழுத்தைக் காட்டும்போது இருவரும் பயன் பெறுகின்றனர். எடுத்துரைப்பவருக்கே அரைப்பங்கு என்னும் நன்னூற் கணக்கு அங்கு மெய்ப்படுகிறது.

மீட்சியும் அதன் வரம்பும்

இத்திட்டத்தின் பயன் அளவிடப்பட்டுள்ளது. அபிஜித் சிங், மொரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகியோர் தமிழ்நாட்டு ஊரகப் பகுதிகளில் ஏறத்தாழ 19,000 குழந்தைகளிடம் நடத்திய ஆய்வில், 2021 டிசம்பரில் குழந்தைகள் பெருந்தொற்றுக்கு முந்தைய அதே வயதினரைவிடக் கணிதத்தில் 0.73 திட்டவிலக்கமும் மொழியில் 0.34 திட்டவிலக்கமும் பின்தங்கியிருந்தனர். பள்ளிகள் திறந்த ஆறு மாதங்களுக்குள் இவ்விழப்பில் மூன்றில் இரண்டு பங்கு மீட்கப்பட்டது. அம்மீட்சியில் ஏறத்தாழ 24 விழுக்காடு இல்லம் தேடிக் கல்வியால் விளைந்தது என அவர்கள் மதிப்பிட்டனர்.

இம்மதிப்பீட்டை இருமுனையாகப் படித்தல் வேண்டும். மாலையில் ஒன்றரை மணி நேரம், குறைந்த ஊக்கத்தொகையில், ஊர்ப்பெண்கள் செய்த பணி மீட்சியில் ஏறத்தாழக் காற்பங்கை ஈட்டியது பெரும் பயனே. அதே வேளையில், எஞ்சிய பெரும்பகுதி பள்ளி மீண்டும் திறந்தமை உள்ளிட்ட பிற காரணங்களால் வந்தது. வீட்டிலிருந்து கற்பதற்கான துணை பள்ளிக்கு மாற்றாக அமைய இயலாது; பள்ளி இயலாதபோது குழந்தையை அதன் வாயிலருகே நிறுத்தி வைப்பதே அதன் பணி.

முழு மீட்சி நிகழ்ந்துவிட்டது எனக் கருதவும் இடமில்லை. 2022ஆம் ஆண்டின் அசர் அறிக்கைப்படி, தமிழ்நாட்டு ஊரகப் பகுதியில் இரண்டாம் வகுப்பு நிலைப் பாடத்தைப் படிக்க இயன்ற மூன்றாம் வகுப்புக் குழந்தைகள் 4.8 விழுக்காட்டினரே, 2018இல் அது 10.2 விழுக்காடாக இருந்தது. கழித்தல் கணக்குச் செய்ய இயன்றோர் 25.9 விழுக்காட்டிலிருந்து 11.2 விழுக்காடாகக் குறைந்தனர். 2018இன் அளவே தாழ்ந்திருந்தமையைக் காணும்போது, பெருந்தொற்று முன்பிருந்த பலவீனத்தை ஆழப்படுத்தியது என்பது புலனாகும். 2022 ஜூன் 13 அன்று தொடங்கப்பட்ட எண்ணும் எழுத்தும் இயக்கம், வகுப்பைக் கருதாமல் அரும்பு, மொட்டு, மலர் எனக் குழந்தையின் உண்மையான நிலையை அடிப்படையாகக் கொண்டு கற்பித்தலை அமைத்தது இவ்வுணர்வின் விளைவே.

பள்ளி செய்யத்தக்கவை

பெருந்தொற்று நீங்கினாலும் வீட்டிலிருந்து கற்கும் தேவை நீங்கவில்லை. 2022 ஜனவரியில் பள்ளிகள் மீண்டும் மூடப்பட்டன. 2024 டிசம்பர் தொடக்கத்தில் பெஞ்சல் புயலின்போது இதே மாவட்டத்தின் ஊத்தங்கரையில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 செ.மீ. மழை பெய்தது. வேலைக்காக இடம்பெயரும் குடும்பங்களின் குழந்தைகள் ஆண்டின் ஒரு பகுதியைப் பள்ளிக்கு வெளியே கழிக்கின்றனர். நீண்டகால நோயுற்ற குழந்தைகளுக்கும் இத்துணை வேண்டும். ஆகவே ஒவ்வொரு தொடக்கப்பள்ளியும் தன் குழந்தைகளுக்கான ஆயத்தத்தை முன்னரே செய்து வைத்தல் நலம்.

மேலே கண்டவற்றிலிருந்து நான்கு செயல்கள் பெறப்படுகின்றன. முதலாவது, சேர்க்கையின்போதே ஒவ்வொரு குழந்தையின் வீட்டுமொழி, பெற்றோரின் பணிமுறை, பேசி வீட்டிலிருக்கும் நேரம், குடியிருப்பில் உதவக்கூடிய பெரியவர் ஆகியவற்றைக் கொண்ட பதிவேட்டைப் பள்ளி பேணுதல். இரண்டாவது, அனுப்பப்படும் ஒவ்வொரு பணியும் குழந்தையின் குரலாகவோ எழுத்தாகவோ திரும்பி வரும் வகையில் அமைதல். திரும்பாத பணியை முடிந்த பணியாகக் கணக்கிடாதிருத்தல். மூன்றாவது, பள்ளி மேலாண்மைக் குழுவின் துணையோடு குடியிருப்புதோறும் கற்கும் இடத்தையும் தன்னார்வலரையும் குறித்து வைத்தல். நான்காவது, எல்லைப்பகுதி ஆசிரியர்களின் பயிற்சியில் தமிழ், தெலுங்கு, கன்னட ஒலி ஒப்பீட்டைச் சேர்த்தல். தமிழ் ஆய்வுலகம் நேரடியாகப் பங்களிக்கத்தக்க பணி இதுவே.

முடிவுரை

பள்ளி மூடியிருந்த காலத்தில் தமிழ்நாட்டில் பாடத்தை வீட்டிற்குக் கொண்டுசேர்க்கப் பெருமுயற்சி மேற்கொள்ளப்பட்டது. அம்முயற்சியின் பயன், குழந்தை சொல்லும் விடையைக் கேட்க ஒருவர் இருந்த இடங்களில் மிகுந்தும் இல்லாத இடங்களில் குறைந்தும் விளங்கியது என்பதைப் போட்சுவானா ஆய்வும் இல்லம் தேடிக் கல்வியின் பட்டறிவும் உணர்த்துகின்றன. கேட்டலோடு வினவுதலையும் உடன்பயிலுதலையும் எடுத்துரைத்தலையும் இணைத்த நன்னூல் மரபும் இதனையே வலியுறுத்துகிறது. பல மொழிகள் வழங்கும், பெற்றோரின் பொழுது தொழிற்சாலை மணியால் வகுக்கப்படும் சூளகிரி போன்ற பகுதிகளில், அவ்வாறு கேட்கும் ஒருவரைக் குழந்தையின் தெருவிலேயே கண்டறிந்து ஆயத்தப்படுத்துவது பள்ளியின் பொறுப்பாகிறது. 2020இல் முதல் வகுப்பைக் காணாமலே இரண்டாம் வகுப்பிற்கு வந்த குழந்தைகள் இன்று மேல்வகுப்புகளில் பயில்கின்றனர். அவர்களின் வாசிப்பில் எஞ்சியுள்ள தயக்கங்களை மொழிவாரியாகவும் குடியிருப்புவாரியாகவும் தொகுத்து ஆராய்தல், இத்துறையில் அடுத்து மேற்கொள்ளத்தக்க ஆய்வாகும்.